வேட்டைக்கு வாங்கிய ஏர் ரைஃபிள்: ஒலக்கூரில் ஒரு சோதனை





ஏர் ரைஃபிளால் சுட்டு வீழ்த்திய பறவையை உண்ணலாமா என்று நம் இளைஞர்கள் சிலர் அவ்வப்போது கேட்பதுண்டு. பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட்டால் போதும் என்று சிலர் கூறுவர். அறுத்தால்தான் ஆகும் என்று வேறு சிலர் கூறுவர். இரண்டு விடைகளையும் செவிமடுத்துவிட்டு நாங்களும் கடந்து போயிருக்கிறோம். அந்தக் கேள்வி எங்கள் வீட்டு வாசலுக்கே ஒரு நீளமான அட்டைப்பெட்டியில் வந்து சேர்ந்த பிறகுதான் அதனை முழுமையாக எண்ணிப் பார்க்க நேர்ந்தது. அந்த அனுபவத்தை அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து இங்கே எழுதுகிறோம்.

எங்கள் பூர்வீகம் திண்டிவனத்தை அடுத்த ஒலக்கூர். சென்னையிலிருந்து விழுப்புரம் செல்லும் இருப்புப்பாதையில் தொழுப்பேட்டைக் கடந்தபின் வரும் சிறிய நிலையம் அது. எங்கள் பெரியத்தாவுக்கு அங்கே கொஞ்சம் கழனியும், அதற்கு மேற்கே மானாவாரிக் கொல்லையும் உண்டு. கழனியில் நெல், கொல்லையில் எங்கள் பக்கத்தார் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலை. கொல்லையின் ஓரமெங்கும் வேலிக்காத்தான் புதர்கள். அப்புதர்களில் கௌதாரிகள் உண்டு. விடியற்காலையில் அவை ஒன்றையொன்று விடாமல் அழைக்கும் ஓசையைக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம்.

அக்காவின் கணவர், எங்கள் மச்சான், வளைகுடா நாடொன்றில் பணிபுரிகிறார். சென்ற தை மாதம் விடுமுறையில் வந்தவர், தம் மகனுக்கென்று ஒரு புதிய ஏர் ரைஃபிளை வாங்கி வந்தார். மருமகனுக்கு வயது பத்தொன்பது, கல்லூரி மாணவன். “நம்ம அத்தா காலத்துல கௌதாரி ஆணம் வைப்பாங்க. அந்த ருசி உன் பிள்ளைங்களுக்குத் தெரியுமா? இந்தத் தடவை நானே அடிச்சுத் தர்றேன்” என்று மச்சான் சொன்னபோது அக்கா முகத்தில் ஒரு மகிழ்ச்சி தெரிந்தது. மறைந்த அத்தாவின் நினைவு அது. எங்கள் நாவிலும் நீர் ஊறியது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

“லைசன்ஸ் வேண்டாமா மச்சான்?” என்று கேட்டோம். வேண்டாம் என்றார். அது உண்மையே. 4.5 மில்லிமீட்டர் குழல் விட்டத்துக்கும், குண்டு வெளியேறும்போது 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு நம் நாட்டில் ஆயுத உரிமம் தேவையில்லை. கடைக்காரர் அடையாளச் சான்றின் நகலை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்திருந்தார். உரிமம் வேண்டாத துப்பாக்கி என்றால் தடையில்லாத வேட்டை என்று மச்சான் முடிவு செய்துவிட்டார். அந்த இரண்டும் ஒன்றல்ல என்பது அன்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் ஃபஜ்ரு தொழுகைக்குப்பின் நால்வரும் ஒலக்கூருக்குப் புறப்பட்டோம். பெரியத்தா கழனி வரப்பில் எங்களுக்காகக் காத்திருந்தார். வயது எழுபதைக் கடந்தவர், அதிகம் பேசமாட்டார். துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்தார், எடை நன்றாக இருக்கிறது என்றார், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வேட்டைக்கு முன் சோதனை வேண்டும் என்பதில் மச்சான் உறுதியாக இருந்தார். அந்த வகையில் அவர் பொறுப்பானவர். அறுவடை முடிந்த கழனியில், ஆள் உயரத்துக்கு எழும்பிய ஏரிக்கரைச் சரிவு ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். குண்டு கல்லிலோ கெட்டி மரத்திலோ பட்டால் திரும்பித் தெறிக்கும். மண்ணில் பட்டால் புதையும். சரிவுக்கு முன்னே மணல் மூட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் அட்டையைச் சாத்தி, அட்டையில் வெள்ளைத் தாளை ஒட்டினோம். ஆடு மேய்ப்போர் எவரும் கரைக்குப் பின்னால் இல்லை என்பதை மருமகன் ஏறிப் பார்த்து உறுதி செய்தான்.

இவ்வகைத் துப்பாக்கியின் அமைப்பு எளிமையானது. குழலை அதன் அடிப்பகுதியில் கீழ்நோக்கி மடக்க வேண்டும். அவ்வாறு மடக்கும்போது உள்ளே இருக்கும் வலிய சுருள்வில் பின்னுக்கு இழுக்கப்பட்டுப் பூட்டிக்கொள்கிறது. திறந்த குழலின் வாயில் இடுப்பு சிறுத்த ஈயக் குண்டு ஒன்றை வைத்து, குழலை நிமிர்த்தி மூட வேண்டும். விசையை அழுத்தியதும் சுருள்வில் விடுபட்டுப் பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. அடைபட்ட காற்று அழுந்திக் குண்டைத் துரத்துகிறது. குண்டை வைக்கும் நேரத்தில் ஒரு கை குழலை விடாமல் பிடித்திருக்க வேண்டும். பூட்டு நழுவினால் குழல் பேராற்றலுடன் மேலெழும்பும், விரல் போய்விடும். மச்சான் இதனை மகனுக்கு மூன்று முறை சொல்லிக் கொடுத்தார்.

முதல் சில குண்டுகள் எங்களைத் திகைக்க வைத்தன. எதிர்பாராத ஓசையும், குழல் முனையில் மெல்லிய புகையும் எழுந்தன. புதிய துப்பாக்கியின் உள்ளே தங்கிய எண்ணெய், அழுத்தத்தில் சூடாகும் காற்றில் எரிவதால் ஏற்படுவது அது. முப்பது நாற்பது குண்டுகள் போனபின் ஓசை அடங்கியது. ஆனால் குறி அடங்கவில்லை. மருமகன் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்கக் குண்டுகள் சிதறின. பிஸ்டன் பாயும்போது துப்பாக்கி சற்றுப் பின்னே உதைக்கும். அது முட்டி நிற்கும்போது முன்னே இழுக்கும். குண்டு குழலை விட்டு நீங்குவதற்குள் இவ்விரண்டும் நடந்துவிடுகின்றன. ஆகவே துப்பாக்கியைத் தன் போக்கில் அசையவிட்டு, உள்ளங்கையில் தாங்கியிருப்பது போலப் பிடிப்பதே முறை. பிடி தளர்ந்தபின் தாளில் துளைகள் நெருங்கி வந்தன.

டேப்பால் அளந்து 10 மீட்டரில் தாளை வைத்தோம். ஐந்து குண்டுகளின் துளைகளை ஒரு பத்து ரூபாய் நாணயம் மறைத்தது. மச்சான் முகம் மலர்ந்தது. “இது போதும்” என்றார்.

பெரியத்தா அப்போதுதான் வாய் திறந்தார். “கௌதாரி உன்னைப் பத்து மீட்டர் வரைக்கும் வரவிடுமா, மாப்பிள்ளை?”

வரவிடாது. எனவே தாளை 20 மீட்டருக்குத் தள்ளினோம். கௌதாரியின் தலையும் கழுத்தும் அடங்கும் அளவென்று நாங்கள் கருதிய 4 சென்டிமீட்டர் வட்டம் ஒன்றைத் தாளில் வரைந்தோம். சிறிய பறவையை வதைக்காமல் வீழ்த்த வேண்டுமானால் அவ்வட்டத்துக்குள் பட வேண்டும். அரை கிராம் எடையுள்ள குண்டு வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் அதன் ஆற்றல் 10 ஜூல். தூரம் கூடக்கூட அதுவும் குறையும். பெரிய துப்பாக்கியைப் போல உடம்பில் எங்கு பட்டாலும் உடனே உயிர் போக்கும் வலிமை இதற்கில்லை. இறகிலும் காலிலும் வயிற்றிலும் பட்டால் பறவை காயத்தோடு பறந்துவிடும்.

மச்சான் பத்துக் குண்டுகள் சுட்டார். மருமகன் பத்துச் சுட்டான். காலைக் காற்று கொல்லைப் பக்கமிருந்து இலேசாக வீசத் தொடங்கியிருந்தது. தாளைக் கழற்றி எண்ணினோம். வட்டத்துக்குள் பதினொன்று, வெளியே ஒன்பது. முதல் நாள் என்ற அளவில் மோசமில்லை என்றே நாங்கள் நால்வரும் கருதினோம்.

அந்நேரத்தில்தான் கௌதாரி கூவியது. கொல்லையின் ஓரத்தில், வேலிக்காத்தான் அடியில், ஏறக்குறைய இருபது இருபத்தைந்து மீட்டரில் இரண்டு பறவைகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. மருமகன் குழலை மடக்கினான், குண்டை வைத்தான், மூடினான். மச்சான் அவன் காதருகே மெல்லச் சொன்னார்: “பிஸ்மில்லாஹ் சொல்லிட்டு அடி.”

அவன் குறி பார்த்தான். நாங்களும் மூச்சடக்கி நின்றோம். பெரியத்தா அவனுக்கு அருகே வந்து, தாளை அவன் முன்னே நீட்டாமல், குரலையும் உயர்த்தாமல் ஒன்றே ஒன்று கேட்டார்.

“தம்பி, இந்தக் குண்டு அந்தப் பதினொண்ணுல ஒண்ணா, ஒன்பதுல ஒண்ணா?”

அவன் சிறிது நேரம் அப்படியே நின்றான். பிறகு குழலைத் தாழ்த்தி, மணல் மூட்டையில் அந்தக் குண்டைச் சுட்டுக் காலி செய்தான். ஓசை கேட்டுக் கௌதாரிகள் இறகடித்துப் போய்விட்டன. மச்சானுக்குக் கோபம். மாமா என்ற மரியாதையால் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வரப்பில் அமர்ந்து தேநீர் அருந்தும்போது பெரியத்தா தம் இளவயதில் நடந்ததைச் சொன்னார். நாங்கள் அதுவரை கேட்டிராத செய்தி. இதே கொல்லையில், நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய ஏர் கன்னால், பனைமட்டையில் அமர்ந்திருந்த புள்ளிப்புறா ஒன்றைச் சுட்டாராம். அது விழுந்தது, ஆனால் சாகவில்லை. முட்புதரின் நடுவே போய்ச் சிக்கிக்கொண்டது. கையை விட்டுப் பார்த்தார், அரிவாளால் வெட்டிப் பார்த்தார், எட்டவில்லை. அறுத்து ஹலாலாக்கவும் முடியவில்லை. எடுத்து வைத்தியம் பார்க்கவும் முடியவில்லை. அசர் முதல் மஃக்ரிபு வரை அதன் இறகு முள்ளில் அடிபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம்.

“தொழுகைக்குப் போயிட்டேன். ஸஜ்தாவுலயும் அந்தச் சத்தம்தான்” என்றார். அதற்குப் பிறகு அவர் துப்பாக்கி எடுக்கவில்லை.

இவ்வளவும் ஒரு மனிதரின் மன உறுத்தல் மட்டும்தானா, மார்க்கம் இதுபற்றி என்ன சொல்கிறது என்று அறிய விரும்பினோம். அன்று மாலையே திண்டிவனத்தில் எங்களுக்குப் பழக்கமான ஹஜ்ரத் ஒருவரைச் சந்தித்தோம். மச்சான் தம் வாதத்தை மறைக்காமல் வைத்தார்: “இஸ்லாம் வேட்டையை ஹலாலாக்கியிருக்கு. நாங்க ஏன் தயங்கணும்?”

ஹஜ்ரத் அதனை மறுக்கவில்லை. வேட்டை ஹலால்தான், அதனை ஹராம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை என்றார். பின்னர் சூரத்துல் மாயிதாவின் தொடக்க வசனங்களை ஒவ்வொன்றாக விளக்கினார். இஹ்ராமிலிருந்து விடுபட்டபின் வேட்டையாடலாம் என்ற அனுமதி இரண்டாம் வசனத்தில் இருக்கிறது. அதற்கடுத்த மூன்றாம் வசனத்தில் ஹராமானவற்றின் பட்டியல் வருகிறது. தானாகச் செத்தது, கழுத்து நெரிந்து செத்தது ஆகியவற்றோடு அடிபட்டுச் செத்ததும் அதில் அடங்கும். அரபியில் அதற்கு மவ்கூதா என்று பெயர். கூர்மையால் வெட்டுண்டு இரத்தம் ஓட்டப்படாமல், மோதலின் வேகத்தால் மட்டும் உயிர் இழந்தது என்பது அதன் கருத்து.

அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டைக்காரர். மிஃராள் என்னும் ஒருவகை எறிகோலைப் பற்றி அவர் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, அதன் கூர்முனை தைத்து இறந்ததை உண்ணலாம் என்றும், அகலப் பக்கம் மோதி இறந்ததை உண்ணக் கூடாது என்றும் விளக்கம் கிடைத்தது. நீரில் விழுந்து இறந்த வேட்டைப்பிராணியையும் நபியவர்கள் தவிர்க்கச் சொன்னார்கள். கொன்றது அம்பா, நீரா என்ற ஐயம் அங்கே எழுகிறது. அக்காலத்தில் களிமண் உருண்டையை வில்லில் வைத்து எறிந்து பறவைகளை வீழ்த்தும் வழக்கமும் இருந்தது. அவ்வாறு வீழ்ந்து இறந்ததை இப்னு உமர் (ரலி) அவர்கள் மவ்கூதா என்றே கருதியதாக புகாரீ நூலில் பதிவாகியுள்ளது.

வெடிமருந்தும் ஈயக் குண்டும் வந்தபின் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு தோன்றியது. குண்டு உடலைத் துளைத்துச் செல்வதால் அதனைக் கூர்மையான ஆயுதத்தோடு ஒப்பிட்டு அனுமதித்தோர் உண்டு. யமன் நாட்டு அறிஞர் ஷவ்கானீ அவர்களும், மாலிக்கீ அறிஞர் பலரும் அக்கருத்தினர். தமிழகத்தில் நாம் பின்பற்றும் ஹனஃபீ, ஷாஃபியீ மத்ஹபுகளின் அறிஞர்கள் பெரும்பாலும், குண்டு கொல்வது அதன் வேகத்தாலும் மோதலாலுமே அன்றிக் கூர்மையால் அன்று எனக் கொண்டு, பிராணி உயிரோடு கிடைத்து முறைப்படி அறுக்கப்பட்டால்தான் உண்ணலாம் என்றனர். பெரிய துப்பாக்கிக்கே இந்த நிலை. 10 ஜூல் ஆற்றலும் மழுங்கிய முனையும் கொண்ட ஏர் ரைஃபிள் குண்டுக்கு இப்பேணுதல் இன்னும் பொருந்தும் என்று ஹஜ்ரத் விளக்கினார்.

இங்கேதான் எங்கள் சிக்கல் தெளிவாகப் புலப்பட்டது. தலையில் பட்டால் கௌதாரி அங்கேயே செத்துவிடும். கத்தியோடு ஓடிச் சேர்வதற்குள் உயிர் பிரிந்திருக்கும். அப்போது நம் மத்ஹபின்படி அதனை உண்ண முடியாது. தலையில் படாவிட்டால் அது காயத்தோடு புதருக்குள் போய்விடும். முதலாவது வீணாகும் உயிர். இரண்டாவது வதைபடும் உயிர். நாங்கள் வரைந்த வட்டத்துக்குள் பட்ட பதினொன்றும் எங்களுக்குப் பயன்படாது. வெளியே போன ஒன்பதோ எங்கள் கணக்கில் பாவமாக எழுதப்படக்கூடும்.

ஹஜ்ரத் மேலும் ஒரு நிகழ்ச்சியைக் கூறினார். முஸ்லிம் நூலில் அது இடம்பெற்றுள்ளது. குறைஷிக் குலத்து இளைஞர் சிலர் ஒரு பறவையைக் கட்டி வைத்து அம்பெய்து பழகிக்கொண்டிருந்தனர். குறி தவறும் ஒவ்வோர் அம்பும் பறவையின் சொந்தக்காரருக்கு உரியது என்பது அவர்களுடைய உடன்பாடு. இப்னு உமர் (ரலி) அவ்வழியே வருவதைக் கண்டதும் அவர்கள் கலைந்து ஓடினர். உயிருள்ள எதையும் குறிப்பலகையாக ஆக்குபவரை நபி (ஸல்) அவர்கள் சபித்திருப்பதை இப்னு உமர் அங்கே எடுத்துரைத்தார்.

குறி தவறியவற்றுக்கு அந்த இளைஞர்களிடம் ஒரு கணக்கு இருந்தது: அம்பு சொந்தக்காரருக்குப் போயிற்று. குறி தவறிய அம்பு பறவையின் உடலில் எங்கே தைத்தது என்பது அக்கணக்கில் வரவில்லை. எங்கள் தாளில் இருந்த ஒன்பதையும் நாங்கள் அப்படித்தான் எண்ணினோம்; முதல் நாளுக்கு மோசமில்லை என்று சொல்லிக்கொண்டோம்.

எல்லாவற்றிலும் இஹ்ஸானை, அதாவது செம்மையாகவும் கனிவோடும் செய்தலை, அல்லாஹ் விதித்துள்ளான் என்பதும், அறுக்கும்போது கத்தியைத் தீட்டிப் பிராணியை வதைக்காமல் விடுவிக்க வேண்டும் என்பதும் ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவித்த நபிமொழியின் கருத்து. குர்பானிக்கு முன் கத்தி கூர்மையாக இருக்கிறதா என்று நாம் விரல் நுனியால் தடவிப் பார்க்கிறோம். மழுங்கிய கத்தியோடு ஆட்டின் முன்னே நிற்க நமக்கு மனம் வராது. இருபதில் ஒன்பது தவறும் கையும் மழுங்கிய கத்திதான். அந்தக் கையோடு ஓர் உயிரின் முன்னே நிற்கவே அன்று காலை நாங்கள் துணிந்திருந்தோம்.

“அப்ப நல்லாப் பழகி, இருபதுல இருபதும் பட்டா?” என்று மச்சான் விடாமல் கேட்டார். நியாயமான கேள்வி. ஹஜ்ரத் புன்னகைத்தார். “மாயிதாவோட முதல் வசனத்தை விட்டுட்டீங்களே” என்றார். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு இறைநம்பிக்கையாளர்களுக்கு இடும் கட்டளையோடு அந்த அத்தியாயம் தொடங்குகிறது. இஹ்ராம் நிலையில் வேட்டை கூடாது என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது. ஒரு நாட்டின் குடிமகனாக வாழ்பவன் அந்நாட்டின் நியாயமான சட்டங்களுக்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொண்டவன். அச்சட்டம் மார்க்கக் கடமை எதையும் தடுக்காதபோது அதனை மீறுவது வாக்கை மீறுவதே ஆகும்.

சட்டத்தைப் பற்றிய உண்மையை அதன்பிறகே தேடிப் படித்தோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலில் இயற்றப்பட்டபோது சிறு வேட்டைக்கென்று தனி உரிமம் வழங்க அதில் இடம் இருந்தது. 1991ஆம் ஆண்டின் திருத்தம் அந்த உரிம முறையையே அகற்றிவிட்டது. கௌதாரியும் காட்டுக்காடையும் காட்டு முயலும் அச்சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. கொல்வது மட்டுமன்றிக் காயப்படுத்துவதும், பிடிப்பதும், அவற்றுக்கு முயல்வதும்கூட வேட்டை என்ற சொல்லுக்குள் அடங்கும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பொதுவான குற்றங்களுக்கு மூன்றாண்டு வரை சிறையும், ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மயில் போன்ற முதல் அட்டவணை உயிர்களுக்குத் தண்டனை இதனினும் கடுமை. தனக்குச் சொந்தமான கொல்லை என்பது விலக்கு ஆகாது. துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்பதை வேட்டைக்கு உரிமம் வேண்டாம் என்று நாங்கள் படித்துக்கொண்டது எவ்வளவு பெரிய பிழை! பத்தொன்பது வயதுப் பிள்ளையின் பெயரில் ஒரு வழக்குப் பதிவாகியிருந்தால் அவனுடைய படிப்பும் பாஸ்போர்ட்டும் என்னவாகியிருக்கும் என்று எண்ணியபோது அக்கா அழுதுவிட்டார்.

எங்கள் சிறுவயதில் நரிக்குறவர் சிலர் கௌதாரிகளைக் கொண்டுவந்து விற்றதை நாங்கள் கண்டிருக்கிறோம். அத்தா வாங்கி வந்ததும் அப்படித்தான். தலைமுறை தலைமுறையாக வேட்டையால் வயிறு வளர்த்த அம்மக்களே சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஊசிமணி பாசிமணி விற்றுப் பிழைக்கிறார்கள். கைநிறையச் சம்பாதிக்கும் நாம் ஒரு வேளை ருசிக்காக அச்சட்டத்தை மீறலாம் என்று நினைத்தது எங்களுக்கு வெட்கத்தைத் தந்தது.

எங்கள் ஊரைச் சுற்றியுள்ள நிலமும் இதற்குப் பாடம் சொல்கிறது. வடக்கே மதுராந்தகம் பக்கத்தில் வேடந்தாங்கல் இருக்கிறது. ஏரியில் தங்கும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுடுவதைப் பொறுக்காத அவ்வூர் மக்கள், அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798ஆம் ஆண்டு அப்பறவைகளைக் காக்கும் உரிமைக்குக் கவுல் என்னும் ஆவணம் பெற்றனர் என்பது வரலாறு. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவ்விவசாயிகள் அறிந்திருந்தனர். எங்களுக்குத் தென்கிழக்கே வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்திருக்கும் கழுவேலி, 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. இவ்விரண்டு நீர்நிலைகளுக்கும் இடைப்பட்ட ஊர் எங்களுடையது. இரண்டு பக்கமும் பறவைகளுக்குக் காவல் நிற்கையில் நடுவில் நாங்கள் துப்பாக்கியோடு நின்றோம்.

அந்த ஏர் ரைஃபிளை என்ன செய்வது என்ற கேள்வி மிஞ்சியது. விற்றுவிடலாம் என்று அக்கா சொன்னார். ஹஜ்ரத் வேண்டாம் என்றார். குறி பார்த்தல் வெறுக்கத்தக்க கலை அன்று. வலிமை என்பதற்கு நபி (ஸல்) அவர்கள் எய்தலையே விளக்கமாகச் சொன்னார்கள். அஸ்லம் குலத்தார் அம்பெய்து போட்டியிட்டபோது நின்று ஊக்கமளித்தார்கள். அதே நபியவர்கள் கல்லைச் சுண்டி எறியும் விளையாட்டைத் தடுத்தார்கள். அது வேட்டைக்கும் உதவாது, எதிரியையும் வீழ்த்தாது, பல்லை உடைக்கும், கண்ணைப் போக்கும் என்பது அதற்கு அவர்கள் சொன்ன காரணம். எதற்கும் உதவாமல் ஊறு மட்டும் விளைவிப்பதை மார்க்கம் விரும்பவில்லை. ஒழுங்கோடு கையைப் பழக்குவதை அது வரவேற்கிறது.

ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் ஒரு போட்டி. 2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது அதில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அரங்கில் பதக்கங்கள் குவித்ததும் அதில்தான். அவர்களுடைய துப்பாக்கி எங்களுடையதைவிட மிக நுட்பமானது. ஆனால் குண்டின் விட்டம் அதே 4.5 மில்லிமீட்டர். பத்துப் புள்ளி பெறுவதற்கான நடுப்புள்ளியின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர் என்று அறிந்தபோது மருமகன் தன் தாளில் இருந்த 4 சென்டிமீட்டர் வட்டத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

இப்போது அவன் விடுமுறை நாள்களில் ஒலக்கூருக்குப் போகிறான். பெரியத்தா உடனிருக்கும்போது மட்டும், அதே கரைச் சரிவில், தாளில் மட்டும் சுடுகிறான். முடிந்ததும் மணல் மூட்டையைச் சலித்து ஈயக் குண்டுகளைப் பொறுக்கிவிடுகிறான். பறவைகள் தானியமென்று கொத்திவிடக் கூடாதென்பது பெரியத்தாவின் கட்டளை. ஈயம் நஞ்சு என்பதால் கை கழுவாமல் எதையும் உண்பதில்லை. துப்பாக்கியைக் குண்டின்றிப் பூட்டிய அலமாரியில் வைக்கிறோம். சிறுபிள்ளைகள் கைக்கு அது எட்டாது.

மச்சான் முழுமையாகச் சமாதானமானார் என்று சொல்ல முடியாது. வெளிநாடு திரும்புமுன் பண்ணையில் வளர்த்த காடைகளைக் கடையிலிருந்து உயிரோடு வாங்கி வந்தார். கத்தியைத் தாமே தீட்டி, ஒவ்வொன்றையும் மற்றதன் கண்ணுக்கு மறைத்து, பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர் சொல்லித் தாமே அறுத்தார். அக்கா ஆணம் வைத்தார். அத்தா காலத்து ருசி வரவில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். எல்லோரும் மறுசோறும் வாங்கினோம். சஹனைக் கழுவ எடுத்துச் செல்லும்போது மச்சான் பெரியத்தாவிடம் சொன்னார்: “மாமா, அன்னைக்கு உங்க மேல கோபம் வந்துச்சு. மாஃப் பண்ணிடுங்க.” பெரியத்தா அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

அன்புச் சகோதரர்களே, உங்கள் வீட்டிலும் ஓர் ஏர் ரைஃபிள் இருக்கலாம். வாங்கும் எண்ணம் இருக்கலாம். வேட்டையை ஹலாலாக்கிய அல்லாஹ்தான் அதற்கு வரம்பையும் வைத்தான். நாட்டுச் சட்டமும் இன்று அதற்குக் கதவை மூடியிருக்கிறது. இவ்விரண்டையும் அறியுமுன்பே, இருபது மீட்டரில் ஒரு தாளை ஒட்டி இருபது குண்டுகள் சுட்டுப் பாருங்கள். உள்ளே பட்டவற்றை எண்ணி மகிழுமுன் வெளியே போனவற்றை எண்ணுங்கள். எங்கள் மருமகன் அந்த முதல் தாளைத் துப்பாக்கி அலமாரியின் உட்கதவில் ஒட்டி வைத்திருக்கிறான். துப்பாக்கியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஒன்பது துளைகள் அவன் கண்ணில் படுகின்றன.

வாயில்லா உயிர்களுக்கு நம் கைகளால் நேர்ந்த வதைகளை அல்லாஹ் மன்னிப்பானாக. நாம் உண்பதை ஹலாலாகவும், நம் கைகளை இரக்கமுள்ளவையாகவும் ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.